வகுப்பறையில் மடிக்கணினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகளில் புதிய பருவம் தொடங்கும் நேரம் என்பதால், இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மடிக்கணினியையும் இணையவழிக் கல்வியையும் பற்றியே இருந்தன. ஒரே செய்தியைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்து இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

எங்கள் துறையில் ஒரு பேராசிரியர் மட்டும், தம் வகுப்பில் மடிக்கணினியைத் திறக்கவே கூடாது என்கிறார். அரசாங்கமே மாணவர்களுக்கு மடிக்கணினி கொடுக்கும் காலத்தில் இது பிற்போக்கு இல்லையா? நான் வேகமாகத் தட்டச்சு செய்வேன். கையால் எழுதினால் அவர் சொல்வதில் பாதியைத்தான் எழுத முடிகிறது.
*பி.எஸ்சி. இரண்டாமாண்டு மாணவி, விருதுநகர்*

பிற்போக்கு என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் பேராசிரியர் பக்கத்து நியாயம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கையால் எழுதும்போது பாதியைத்தான் எழுத முடிகிறது என்கிறீர்கள். எந்தப் பாதியை எழுதுவது, எதை விடுவது என்று அந்த நேரத்தில் நீங்கள் எடுக்கும் முடிவுதான் பாடத்தைப் புரிந்துகொள்ளும் வேலையில் பெரும்பகுதி. வேகமாகத் தட்டச்சு செய்பவருக்கு அந்த முடிவை எடுக்கவேண்டிய தேவையே வருவதில்லை. காதில் விழுந்தது விரல் வழியாகக் கோப்பில் இறங்கிவிடுகிறது.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பாம் முல்லர், டேனியல் ஓப்பன்ஹைமர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், மடிக்கணினியில் குறிப்பெடுத்த மாணவர்கள் அதிகச் சொற்களைப் பதிவு செய்திருந்தார்கள். பேச்சாளரின் வாக்கியங்களை ஏறத்தாழ அப்படியே இறக்கியிருந்தார்கள். ஆனால் கருத்தைப் புரிந்து விடை சொல்லவேண்டிய கேள்விகளில் பேனா பிடித்தவர்களைவிடப் பின்தங்கினார்கள். சொன்னதை அப்படியே எழுதாதீர்கள் என்று முன்கூட்டியே எச்சரித்தும் அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆசிரியர் கூட்டங்களில் இந்த ஆய்வை மேற்கோள் காட்டாதவர்கள் குறைவு என்பதால் அதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2019இலும் 2021இலும் வேறு குழுக்கள் இதே சோதனையைத் திரும்ப நடத்தியபோது, கணினியில் எழுதுகிறவர்கள் சொல்லுக்குச் சொல் பெயர்த்து எழுதுகிறார்கள் என்பது உறுதியாயிற்று. அதனால் தேர்வில் அவர்கள் கணிசமாகப் பின்தங்குகிறார்கள் என்பது உறுதியாகவில்லை. ஆகவே பேனாதான் உயர்ந்தது என்று அடித்துச் சொல்ல இடமில்லை.

உங்கள் பேராசிரியருக்கு வலுவான ஆதாரம் வேறு இடத்தில் இருக்கிறது. கனடாவில் 2013இல் வெளியான ஓர் ஆய்வில், மாணவர்களுக்கு முக்கால் மணி நேரம் ஒரு விரிவுரை நடத்தப்பட்டது. அவர்களில் சிலரிடம், பாடத்தைக் கவனித்துக்கொண்டே இணையத்தில் சில சில்லறை வேலைகளையும் செய்யச் சொன்னார்கள். அவர்கள் பிறகு நடந்த தேர்வில் 11 சதவீதம் குறைவாக எடுத்ததில் வியப்பில்லை. அடுத்த சோதனைதான் முக்கியமானது. கையில் வெறும் பேனாவும் தாளும் வைத்திருந்த மாணவர்களை, அப்படி இணையத்தில் மேய்கிறவர்களின் திரை கண்ணில் படும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அவர்களின் மதிப்பெண், திரை கண்ணில் படாத இடத்தில் இருந்தவர்களைவிட 17 சதவீதம் குறைந்தது. முன்வரிசைக்காரர் கிரிக்கெட் ஸ்கோர் பார்த்தால், பின்னால் இருப்பவர் ஒன்றும் செய்யாமலே அதற்கு விலை கொடுக்கிறார். "என் கணினி, என் கவனம், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்ற வாதம் இந்த இடத்தில்தான் எடுபடாமல் போகிறது.

அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில், பொருளியல் அறிமுகப் பாடத்தின் பிரிவுகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. ஒரு பிரிவில் கணினிக்குத் தாராள அனுமதி. இன்னொன்றில் மேசைமேல் கிடையாக வைத்த கைக்கணினிக்கு (டேப்லெட்) மட்டும் அனுமதி. மூன்றாவதில் எதற்கும் அனுமதி இல்லை. அனுமதி கொடுத்த இரண்டு பிரிவுகளிலும் இறுதித் தேர்வின் சராசரி குறைந்திருந்தது. குறைவு பெரியதன்று. ஆனாலும் அது சிறிய வகுப்புகளும் ராணுவக் கட்டுப்பாடும் உள்ள இடம் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அறுபது, எழுபது பேர் அமர்ந்திருக்கும் நம் வகுப்பறைகளில், கடைசி மூன்று பெஞ்சுகளில் என்ன நடக்கிறது என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

எனவே, விரிவுரை நேரத்தில் மட்டும் தடை என்றால் நான் அவர் பக்கம். நிரல் எழுதும் வகுப்பிலோ புள்ளியியல் செய்முறையிலோ இதே தடையை வைத்தால் அது அபத்தம். அங்கே கணினிதான் பாடமே. உங்களுக்கு என் யோசனை இதுதான்: பாடத்துக்கான சிலைடுகளை முதல் நாளே தரும்படி கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் கேட்டால் தருவார்கள். வகுப்பில் கையால் சுருக்கமாக எழுதிக்கொண்டு, அன்று மாலையே அதை விரித்துத் தட்டச்சு செய்யுங்கள். உங்கள் தட்டச்சு வேகம் பயன்பட வேண்டிய இடம் அந்த மாலை நேரம்.

பேராசிரியரிடமும் ஒன்று சொல்லவேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவருக்கும், கையால் எழுத இயலாதவருக்கும் மடிக்கணினி ஒரு வசதி அன்று. அதுதான் அவர்களுடைய நோட்டுப் புத்தகம். இரு பார்வையற்ற நண்பர்கள் 2006இல் ஆஸ்திரேலியாவில் எழுதத் தொடங்கிய என்.வி.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் மென்பொருள் தமிழையும் படித்துக்காட்டுகிறது; அதை நம்பிப் பட்டம் பெற்றவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தகைய மாணவர்களுக்குத் தகுந்த ஏற்பாடு செய்து தரவேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கல்வி நிறுவனங்கள்மேல் சுமத்தியிருக்கும் கடமை. வகுப்பில் அவர் ஒருவர் மட்டும் கணினியுடன் தனித்துத் தெரியும்படி வைப்பதைவிட, காரணம் கேட்காமல் ஒரு வரிசையைக் கணினிக்காரர்களுக்கு ஒதுக்கிவிடலாம். அந்த வரிசை கடைசி வரிசையாக இருந்தால், மற்றவர்கள் கண்ணிலும் திரை படாது.

என் மகனுக்கு பி.காம். படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது. 70,000 ரூபாய்க்குக் குறைந்த மடிக்கணினி மூன்று வருடம் தாங்காது என்று கடைக்காரர் சொல்கிறார். தவணையிலும் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா?
*விசைத்தறித் தொழிலாளி, சங்கரன்கோவில்*

வேண்டாம் ஐயா. அந்த விலையில் கடைக்காரர் காட்டுவது, பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் அட்டை பொருத்திய, விளையாட்டுக்கென்று செய்யப்பட்ட கணினியாக இருக்கும். பி.காம். படிக்கும் பையனுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. அவருக்கு வேண்டியவை கணக்குப் பதிவு மென்பொருளான டேலி, எக்செல் போன்ற அட்டவணை மென்பொருள், கடிதமும் கட்டுரையும் எழுத ஒரு சொற்செயலி, பிறகு இணையம். டேலியைக் கற்றுக்கொள்வதற்கென்றே இலவசமான கல்விப் பயன்முறை இருக்கிறது. குறிப்பிட்ட சில தேதிகளில் மட்டும் கணக்கைப் பதிய முடியும் என்ற கட்டுப்பாடு அதில் உண்டு. பழகுவதற்கு அது தடையன்று. அட்டவணைக்கும் எழுத்து வேலைக்கும் லிப்ரே ஆபீஸ் முழுக்க இலவசம்.

கடையில் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, நினைவகம் 8 ஜிபி இருக்கிறதா, சேமிப்பு எஸ்எஸ்டி என்ற, சுழலும் தட்டு இல்லாத வேகமான வகையா என்பது. எஸ்எஸ்டி இல்லாத கணினி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்; திறப்பதற்குள் பொறுமை போய்விடும். இரண்டாவது, பழுது பார்க்கும் மையம் உங்களுக்கு எந்த ஊரில் இருக்கிறது என்பது. மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போய்க் கொடுத்துவிட்டு இரண்டு வாரம் காத்திருப்பதைவிட, வீட்டுக்கே வந்து பழுது பார்க்கும் உத்தரவாதம் உள்ள கணினிக்குச் சிறிது கூடக் கொடுக்கலாம். மூன்றாவது, எடை எவ்வளவு, மின்சாரம் இல்லாமல் எத்தனை மணி நேரம் ஓடும் என்பது. பேருந்தில் தினமும் போய்வரும் பையனுக்கு இது முக்கியம். இவற்றுக்கு நல்ல விடை கிடைக்கும் கணினி, கடைக்காரர் சொன்ன விலையைவிட மிகக் குறைவாகவே கிடைக்கும்.

அதையும் இன்றே வாங்கவேண்டியதில்லை. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் கணினி வழங்கியது, பிறகு நின்றுபோயிற்று. 2025 மார்ச்சில் தாக்கலான மாநில நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. உங்கள் மகனின் கல்லூரியும் படிப்பும் ஆண்டும் இந்தத் திட்டத்தில் வருகின்றனவா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். முதல் பருவம் முழுவதையும் கல்லூரிக் கணினிக் கூடத்திலேயே சமாளிக்கலாம். தவணைக்கு மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். கணினி ஆண்டுக்கு ஆண்டு விலை சரியும் பொருள். அதற்கு வட்டி கட்டுவது இரட்டை நஷ்டம்.

(மகன் சேர்ந்திருப்பது இயந்திரப் பொறியியலாகவோ கட்டடக்கலையாகவோ இருந்திருந்தால் என் விடை வேறாக இருந்திருக்கும். முப்பரிமாண வரைபட மென்பொருள்களுக்கு வலுவான கணினி தேவை. அப்போதும் முதலாண்டிலேயே வாங்க அவசரம் இல்லை.)

நான் ஒரு கலைக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். மாணவர்கள் தரும் அசைன்மென்ட் எல்லாமே சாட்ஜிபிடி எழுதியவை என்று பார்த்தவுடன் தெரிகிறது. கண்டுபிடிக்கும் மென்பொருள் ஒன்றில் போட்டுப் பார்த்து, 80 சதவீதத்துக்குமேல் காட்டினால் பூஜ்யம் போடலாமா?
*உதவிப் பேராசிரியர், கும்பகோணம்*

அந்த எண்ணை நம்பிப் பூஜ்யம் போடாதீர்கள். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே, இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்க ஒரு கருவியை 2023 ஜனவரியில் வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று சொல்லி அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. செய்தவருக்கே தன் பிள்ளையை அடையாளம் தெரியவில்லை! அதே 2023இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இத்தகைய ஏழு கருவிகளிடம், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகச் சொந்தமாக எழுதிய கட்டுரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்குமேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று அந்தக் கருவிகள் தவறாகத் தீர்ப்பளித்தன. எளிய சொற்கள், எதிர்பார்த்த வரிசையில் வரும் வாக்கியங்கள் ஆகியவற்றைத்தான் அவை இயந்திர எழுத்தின் அடையாளமாகக் கொள்கின்றன. தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துவிட்டு, மனப்பாடம் செய்த ஆங்கிலத்தில் கவனமாக எழுதும் உங்கள் மாணவிதான் அந்த வலையில் முதலில் சிக்குவார். திருத்தித் திருத்தி நகலெடுக்கத் தெரிந்தவர் தப்பிவிடுவார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட கருத்துத் திருட்டு விதிகளும் இங்கே உங்களுக்கு நேரடியாக உதவா. ஒற்றுமை 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, 60 சதவீதத்துக்குமேல் போனால் ஆய்வேட்டுக்கான பதிவே ரத்து என்பன போன்ற அந்தப் படிநிலைகள், ஏற்கெனவே வெளியான எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதியை அளப்பவை. சாட்ஜிபிடி தருவது ஒவ்வொரு முறையும் புதிய வாக்கியம். ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு மூலம் கிடையாது.

மாற்றவேண்டியது கேள்வியைத்தான் என்பது என் கருத்து. "பணவீக்கத்தின் காரணங்களை விவரி" என்று கேட்டால், பழைய மாணவர் நோட்ஸிலிருந்து எழுதுவார், புதிய மாணவர் சாட்ஜிபிடியிடம் கேட்பார். இருவரில் யாருக்கும் பணவீக்கம் புரிந்தபாடில்லை. அதற்குப் பதிலாக, கும்பகோணம் உழவர் சந்தையில் வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய் ஆகியவற்றின் விலையை நான்கு வாரங்கள் குறித்துவந்து, ஏறியதற்கும் இறங்கியதற்கும் வியாபாரிகள் சொன்ன காரணங்களோடு, பாடநூலின் எந்தப் பகுதி பொருந்துகிறது, எது பொருந்தவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். அப்போதும் எழுத்து நடைக்கு இயந்திரத்தின் உதவியை நாடுவார்கள், நாடட்டும். தகவல் அவர்களுடையதாக இருக்கும். ஒப்படைத்த பிறகு ஒவ்வொரு முறையும் குலுக்கலில் பத்துப் பேரை அழைத்து, ஆளுக்கு ஐந்து நிமிடம், அவர்கள் எழுதியதிலிருந்தே கேளுங்கள். தன் பெயர் எப்போது வரும் என்று தெரியாத மாணவர், தான் கொடுத்ததை ஒரு முறையாவது படித்துவிட்டு வருவார். அகமதிப்பீட்டு மதிப்பெண்ணில் ஒரு பங்கை இந்த வாய்மொழிக்கு ஒதுக்க உங்களுக்கு இடம் இருக்கும்.

இயந்திரத்தையே பாடமாக்குவதும் உண்டு. ஒரு கேள்விக்குச் சாட்ஜிபிடி தந்த விடையை அச்செடுத்து வகுப்பில் கொடுத்து, எது பிழை, எது பாதி உண்மை, எந்த நூல் உண்மையில் இல்லவே இல்லை என்று சிவப்பு மையால் திருத்தச் சொல்லலாம். 2023இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிய தீர்ப்புகளை உண்மையானவை என்று நம்பி நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டியதற்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அந்தச் செய்தியைச் சொல்லிவிட்டு இந்தப் பயிற்சியைக் கொடுத்தால், கடைசிப் பெஞ்சும் நிமிர்ந்து உட்காரும்.

என்னிடம் இருப்பது கைப்பேசி மட்டும்தான். எங்கள் ஊரில் சிக்னலும் சரியாகக் கிடைக்காது. ஐஐடி பேராசிரியர்களின் வகுப்புகளை இலவசமாகப் பார்க்கலாம் என்கிறார்கள். மடிக்கணினி இல்லாமல் அது எனக்குப் பயன்படுமா?
*பொறியியல் மாணவர், கல்வராயன் மலை அடிவாரக் கிராமம்*

பயன்படும். நீங்கள் சொல்வது என்.பி.டி.இ.எல். ஏழு ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து 2003இல் தொடங்கியது. அதன் வகுப்புகள் இப்போது ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளத்தின் வழியாகவும் நடக்கின்றன. நான்கு, எட்டு, பன்னிரண்டு வாரப் பாடங்கள் உண்டு. பார்ப்பதற்கும் வாரந்தோறும் பயிற்சி வினாக்களுக்கு விடை அனுப்புவதற்கும் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் கட்டணம் செலுத்தி, குறித்த மையத்துக்கு நேரில் போய்த் தேர்வெழுத வேண்டும். வாராந்தரப் பயிற்சிக்கு 25, தேர்வுக்கு 75 என மதிப்பெண் பிரிவதால், பயிற்சியை விட்டுவிட்டுத் தேர்வை மட்டும் நம்பிப் போகாதீர்கள். மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிப்படி, ஒரு பருவத்தின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் படித்து, அதற்கான மதிப்பலகுகளை (கிரெடிட்) கல்லூரிக் கணக்கில் சேர்க்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். உங்கள் கல்லூரி அனுமதிக்கிறதா என்பதைப் பருவம் தொடங்கும்முன் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். படித்து முடித்த பிறகு, இந்தப் பாடம் எங்கள் பட்டியலில் இல்லை என்ற பதில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

சிக்னல் பிரச்சினைக்கு வழி, நேரலையாகப் பார்க்காமலிருப்பது. கல்லூரி வைஃபையில் அந்த வாரத்துக்கான காணொளிகளைக் குறைந்த தரத்தில் தரவிறக்கிக்கொள்ளுங்கள். பேராசிரியர் கரும்பலகையில் எழுதுகிற பாடமாக இருந்தால், படம் மங்கலாக இருக்கும் இடத்தில் உதவ, அவர் பேசியதன் எழுத்து வடிவமும் பல பாடங்களுக்குத் தளத்திலேயே கிடைக்கிறது. சில பாடங்களுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஆங்கிலத்தில் கேட்டுப் புரியாத பகுதியை முதலில் தமிழில் படித்துவிட்டு மறுபடியும் கேட்டால் தெளிவாகும். மென்பொருள்களைக் கற்க, ஐஐடி மும்பையின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற இலவசத் தொகுப்பில் தமிழ்க் குரலிலேயே குறுங்காணொளிகள் இருக்கின்றன.

கைப்பேசியால் ஆகாதது ஒன்று உண்டு. அது நிரல் எழுதிப் பழகுவது. சிறிய திரையில் பத்து வரி எழுதலாம், நூறு வரியில் பிழை தேட முடியாது. ஆகவே உங்கள் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: பார்ப்பதும் கேட்பதும் கைப்பேசியில், செய்து பார்ப்பது கல்லூரிக் கணினிக் கூடத்தில். கூடம் மாலை ஐந்து மணிக்கே பூட்டப்படுகிறது என்றால், வகுப்புப் பிரதிநிதி மூலம் துறைத்தலைவருக்கு ஒரு மனு கொடுங்கள். மாணவர்களுக்கு மடிக்கணினி இல்லை என்று வருந்தும் பல கல்லூரிகளில், நாற்பது கணினிகள் மாலை முழுவதும் உறைபோட்டுத் தூங்குகின்றன. இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பதிவு செய்த வகுப்புகளை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறேன். தவறா?
*பி.டெக். மாணவர், கோயம்புத்தூர்*

தவறில்லை. கலிபோர்னியாவில் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு மடங்கு வேகம் வரை பார்த்த மாணவர்கள் தேர்வில் பெரிதாக எதையும் இழக்கவில்லை. அதற்குமேல் போனபோதுதான் சரிந்தார்கள். ஆனால் அவர்கள் தங்களுக்குப் பழகிய மொழியில் கேட்டவர்கள். இரண்டாம் மொழியில், சமன்பாடுகளோடு வரும் வகுப்பு உங்களுடையது. ஒன்றரை மடங்குக்குமேல் போகாமல், ஒவ்வொரு நிரூபணத்தின் இடையிலும் நிறுத்தி, அடுத்த வரியை நீங்களே எழுதிவிட்டு ஓடவிடுங்கள். அப்படிச் செய்தால் மிச்சமான நேரமெல்லாம் செலவாகிவிடும் என்பீர்கள். ஆம், அதற்குத்தான் அந்த நேரம்.

பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப் ஆகக் கிடைக்கும்போது அச்சு நூல் வாங்குவது வீண்செலவு இல்லையா?
*முதுகலை வரலாறு மாணவி, புதுக்கோட்டை*

எல்லாவற்றுக்கும் வாங்கவேண்டியதில்லை. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, ஒரு லட்சத்து எழுபதாயிரத்துக்குமேற்பட்டோர் பங்கேற்ற 54 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, தகவல் நிறைந்த நூல்களைத் திரையில் படிப்பவர்களைவிடத் தாளில் படிப்பவர்கள் சற்றுக் கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று கண்டது. நேரக் கட்டுப்பாட்டோடு படிக்கும்போது வேறுபாடு இன்னும் தெரிந்தது. கதைக்கு அப்படி இல்லை. எனவே ஒரு பருவம் முழுதும் திரும்பத் திரும்பப் புரட்டவேண்டிய ஓரிரு நூல்களை அச்சில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை திரையிலேயே இருக்கட்டும். வரலாறு படிப்பவர் என்பதால் ஒன்று: பழைய நூல்களும் இதழ்களும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அச்சில் தேடினால் சென்னைக்கு இரண்டு முறை போகவேண்டியிருக்கும்.

தமிழில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மூன்று இயல்களைத் தட்டச்சு நிலையத்தில் கொடுத்து அடித்து வாங்கினேன். இப்போது சொந்தமாக மடிக்கணினி வாங்கி அந்தக் கோப்புகளைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?
*முனைவர் பட்ட ஆய்வாளர், தஞ்சாவூர்*

கோப்பு கெடவில்லை, கவலைப்பட வேண்டாம். தட்டச்சு நிலையங்களில் இன்னும் புழங்கும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தைப் போர்த்தி வைத்திருப்பார்கள். கோப்புக்குள் கணினி சேமித்திருப்பது ஆங்கில எழுத்தைத்தான். அந்த எழுத்துரு நிறுவப்படாத கணினியில் போர்வை விலகி, உள்ளிருப்பது தெரிகிறது. அந்த எழுத்துருவை வாங்கி உங்கள் கணினியில் போட்டால் படிக்க முடியும், ஆனால் பிரச்சினை தீராது: அந்தக் கோப்பில் "குறுந்தொகை" என்று தேடினால் அகப்படாது, இணையத்தில் ஏற்றினால் தேடுபொறிக்கும் அகப்படாது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்படியைச் சோத்கங்கா என்ற இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியத்தில் சேர்க்கவேண்டும் என்பது மானியக் குழுவின் விதி. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு ஒருவராலும் தேடிக் கண்டுபிடிக்க முடியாத ஆய்வேடு, நூலக அலமாரியின் அடித்தட்டில் கிடப்பதற்குச் சமம்.

ஆகவே மூன்று இயல்களையும் ஒருங்குறிக்கு (யூனிகோட்) மாற்றிவிடுங்கள். தமிழ்நாடு அரசே 2010இல் ஒருங்குறியைத் தரமாக ஏற்றுக்கொண்டுவிட்டது. மாற்றித் தரும் இலவசக் கருவிகள் இணையத்தில் பல உண்டு. எந்த எழுத்துருவில் அடிக்கப்பட்டது என்பதை மட்டும் தட்டச்சு நிலையத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். மாற்றிய பிறகு முழுவதையும் ஒருமுறை வரிவரியாகப் படியுங்கள். துணைக்கால் இருக்கவேண்டிய இடத்தில் ரகரமும், ஔகாரத்துக்குப் பதில் ஒகரமும் ளகரமும் வந்து உட்கார்ந்திருக்கும். ஆங்கில மேற்கோள்களும் அடிக்குறிப்பில் உள்ள ஆங்கில நூற்பெயர்களும் தமிழாகச் சிதைந்திருக்கும் என்பதால், அவற்றை முன்கூட்டியே வேறு கோப்பில் எடுத்து வைத்துவிட்டு மாற்றுவது நல்லது.

மீதி இயல்களை நீங்களே அடியுங்கள். தமிழ்99 விசைப்பலகை, சென்னையில் 1999இல் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் தொடர்ச்சியாக உருவானது. விண்டோஸிலேயே அது இருக்கிறது, தனியாக வாங்கவேண்டியதில்லை. உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்குமாகப் பிரிந்திருக்கும். ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டில் "அம்மா" வந்துவிடும். முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். தினம் ஒரு பக்கம் பழகினால் கை தானே தேடிப்போகும். அடிக்கத் தொடங்கும்போதே இயல் தலைப்பு, உட்தலைப்பு ஆகியவற்றுக்குச் சொற்செயலியின் தலைப்புப் பாணியை (ஹெடிங் ஸ்டைல்) பயன்படுத்துங்கள். இறுதியில் பொருளடக்கத்தை மென்பொருளே பக்க எண்ணோடு தொகுத்துக் கொடுக்கும். தட்டச்சு நிலையத்தில் பக்கம் நகரும்போதெல்லாம் கையால் திருத்தி, அதற்குத் தனியாகக் காசும் கொடுக்கும் வேலை மிச்சம். துணைநூற் பட்டியலுக்கு ஸோட்டெரோ என்ற இலவச மென்பொருளைப் பழகிக்கொள்ளலாம். தமிழ் நூல்களில் ஆசிரியரின் தலைப்பெழுத்து வரிசையை மட்டும் கவனித்துத் திருத்த வேண்டியிருக்கும்.

ஒருங்குறி மாற்றத்தை ஆய்வுச் சுருக்கம் சமர்ப்பிக்கும் முன்பே முடித்துவிடுங்கள். நெறியாளர் திருத்தங்களைப் பழைய எழுத்துருக் கோப்பில் செய்து, பிறகு அதை மாற்றினால், இரண்டாம் முறையும் முதலிலிருந்து மெய்ப்புப் பார்க்கவேண்டி வரும்.